ஊர் ஊராகக் கேட்டுச் சென்றவர்

(மதுராந்தகத்தில் நடைபெற்ற பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

விழாக்குழுவினர் சென்ற மாதம் என் இல்லத்திற்கு வந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல்கள் எழுதியவரும், ஊர் ஊராகச் சென்று உரையாற்றியவருமான ஒரு பெரியவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டனர். அவர்கள் மனத்தில் இருந்தவர் யார் என்பது எனக்கு உடனே விளங்கிற்று. வீர்சந்த் ராகவ்ஜி காந்தி அவர்கள். குசராத்தின் மஹுவா என்னும் ஊரில் 1864-ஆம் ஆண்டு பிறந்தவர். 1893-இல் சிகாகோ நகரில் கூடிய சர்வசமயப் பேரவையில், சுவாமி விவேகானந்தர் பேசிய அதே மேடையில், சமண சமயத்தின் சார்பில் பேசியவர். பின்னர் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன், இலண்டன் எனப் பல நகரங்களில் சொற்பொழிவாற்றி, 1901-இல், 37 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தவர். துறவியர் கடல் கடத்தல் நெறியன்று என்பதனால் ஆத்மாராம்ஜி ஆசாரியர் தாம் செல்லாமல் இவ்விளைஞரைப் பயிற்றுவித்து அனுப்பினார் என்னும் செய்தியை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆண்டுதோறும் எவரேனும் ஒருவர் அதை நம் விழாக்களில் எடுத்துரைத்து வருகிறார்.

ஆகவே நான் வேறொருவரைத் தேர்ந்துகொண்டேன். அவர் சமணர் அல்லர். கடல் கடந்தவரும் அல்லர். அவருடைய பயணங்கள் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும், திருநெல்வேலிச் சீமைக்கும் சென்னைக்கும் இடையே நிகழ்ந்தவை. வீர்சந்த் காந்தி தம் சமயத்தைச் சொல்லுவதற்காக ஊர் ஊராகச் சென்றார். நான் கூறப்போகிறவர் பிறர் சமயத்தைக் கேட்டறிவதற்காக வீடு வீடாகச் சென்றார். அவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தா என்றவுடன் தலைப்பாகையும் சால்வையும் அணிந்த அந்தப் படம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றிய வரி ஒன்று தவறாமல் இருக்கும்: ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் என்பது. நானும் 34 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து அந்த வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்த வரி பொய்யன்று. ஆனால் பாதி உண்மைதான். அவர் ஏடுகளை மட்டும் தேடவில்லை. அவ்வேட்டின் பொருள் தெரிந்த மனிதர்களையும் தேடினார். அம்மனிதர்கள் நம்மவர்கள். பாடநூல் விட்டுவிட்ட அந்தப் பாதியைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

1855-ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டம் உத்தமதானபுரத்தில் பிறந்த சாமிநாதையர், 1871 முதல் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் பயின்றார். 1880-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு வயது 25. தாம் கற்றதில் அவருக்கு நிறைவும் பெருமிதமும் இருந்தன. இருப்பது இயல்பே. அக்காலப் புலமை உலகம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, கலம்பகம், தலபுராணம் என்னும் எல்லைக்குள் இயங்கியது. அவ்வெல்லைக்குள் அவர் கல்லாதது மிகச் சிலவே.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் முன்சீபாக மாற்றலாகிக் கும்பகோணம் வந்தார். அவரைக் காணச் சென்ற இளம் ஆசிரியர், தாம் கற்ற நூல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் எவ்வித வியப்பும் தோன்றவில்லை. இவற்றுக்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். சாமிநாதையர் அந்த நூலைப் படித்ததில்லை. மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் அடங்கிய கையெழுத்துப் பிரதி ஒன்றை முதலியாரே வரவழைத்துக் கொடுத்தார். இக்காட்சியைப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் சாமிநாதையர் விரிவாக எழுதியிருக்கிறார். தம் கல்விச் செருக்கு ஒரு மாலைப்பொழுதில் தகர்ந்ததை அவ்வளவு திறந்த மனத்துடன் எழுதிய புலவரை நான் வேறு கண்டதில்லை.

திருத்தக்கதேவர் இயற்றிய சிந்தாமணி 13 இலம்பகங்கள் கொண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தப் பாக்கள். அச்சில் அப்போது கிடைத்தது முதல் இலம்பகமாகிய நாமகள் இலம்பகம் மட்டுமே. பவர் என்னும் கிறித்தவப் பாதிரியார் 1868-இல் அதை வெளியிட்டிருந்தார். எஞ்சியதெல்லாம் ஏட்டிலும் கையெழுத்துப் படிகளிலும் இருந்தது.

சாமிநாதையர் அப்பிரதியைப் படிக்கத் தொடங்கினார். அவர் அறியாத தமிழ்ச்சொல் அதில் எத்தனை இருந்திருக்கும்? சில இருந்திருக்கலாம். இடர் அதுவன்று. அறிந்த சொற்களே அவரைத் தடுமாறச் செய்தன. எனக்குத் தெரிந்த மூன்று சொற்களைச் சான்றாகக் காட்டுகிறேன்.

சித்தர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் எவர்க்கும் பதினெண் சித்தர்களும், மருந்தும், இரசவாதமும் நினைவுக்கு வரும். நமக்கோ எண்வினையும் நீங்கி உலகின் உச்சியில் நிலைபெற்ற உயிர் சித்தர். ஐம்பெரும் பரமேட்டிகளுள் ஒருவர். கதி என்றால் பிறர் புகலிடம் என்பர். தலைவிதி என்றும் கொள்வர். நாம் நரகர், விலங்கு, மக்கள், தேவர் என்னும் நால்வகைப் பிறப்பு என்போம். பவ்வியம் என்றால் ஊர்வழக்கில் பணிவு, அடக்கம். அந்தப் பையன் பவ்வியமாக நின்றான் என்று நாமே சொல்கிறோம். ஆனால் நம் ஆகமத்தில் பவ்விய சீவன் என்பது வீடுபேறு அடையும் தகுதியுள்ள உயிர். மூன்றும் எவரும் அறிந்த சொற்களே. அகராதியைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஐயமே எழாது. ஐயம் எழாத இடத்தில் நேரும் பிழையை யார் திருத்துவது?

ஊகத்தால் பொருள்கூறிக் கடந்து போயிருக்கலாம். பல உரைகாரர்கள் அப்படிக் கடந்திருக்கிறார்கள். சாமிநாதையர் அவ்வாறு செய்யவில்லை. இந்நூலைத் தம் நூலாகக் கொண்டு வாழ்கிறவர்கள் எவரேனும் உண்டா என்று விசாரித்தார். கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கிறார்கள் என்று தெரியவந்தது. தாம் வேலைசெய்யும் ஊரிலேயே, நடந்து செல்லும் தூரத்தில்!

சந்திரநாத செட்டியார் என்னும் சமண அன்பரை அவர் அங்கே அறிமுகம் செய்துகொண்டார். இப்பெயரை நம் பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்த் தாத்தாவின் படம் நம் பள்ளிகளில் இருக்கிறது. சந்திரநாத செட்டியாரின் படத்தை நான் எங்கும் கண்டதில்லை.

சமணர் வீட்டிற்கு அவர் சென்ற நாட்களுள் ஒரு நாள், வாசலில் தோரணமும் கோலமுமாக வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. திருமணமோ, வேறு சிறப்போ என்று எண்ணி உசாவினார். இல்லை, பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துப் பொருள் கேட்டு வந்தோம். இன்று நிறைவுநாள் என்று விடை வந்தது. அவர் திகைத்துப்போனார். எந்த நூலைத் தமிழ்நாட்டுப் புலவர் உலகம் மறந்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தாரோ, எதன் பொருளறிவதற்கு வழியின்றித் தவித்தாரோ, அந்த நூலுக்கு அதே ஊரில் ஒரு வீட்டில் தோரணம் கட்டி நிறைவுவிழா நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்தவர்களுக்கு அது புதையல் அன்று. வீட்டுக் காரியம்.

அன்பர்களே, எனக்கு அவருடைய வாழ்க்கை வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏட்டைக் கண்டெடுத்த இடங்களை விட இந்த இடமே பெரிது என்று நான் கருதுகிறேன்.

அதன் பிறகு அவர் அடிக்கடி அங்கே சென்றார். ஐயங்களை எழுதிவைத்துக்கொண்டு சென்று கேட்டார். சமண நூல்களைக் கேட்டுப் படித்தார். வீடூர் அப்பாசாமி நயினார் என்னும் சமணப் பெரியவரிடமிருந்தும் செய்திகளை அறிந்துகொண்டார். வீடூர் எங்கோ தொலைவில் இல்லை. திண்டிவனத்துக்கு அப்பால், இன்று அணைக்கட்டால் பலர் அறிந்த ஊர். இங்கே அமர்ந்திருப்பவர்களில் அந்த ஊரில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் உண்டு.

இவ்வாறு அவர் கேட்டுவந்த நாட்களில், வேற்றுச் சமயத்தார் ஒருவர் இத்துணை ஆர்வத்துடன் நம் நூலைக் கேட்கிறாரே என்று வியந்த சமணப் பெண்மணி ஒருவர், இவர் பவ்விய சீவன் போலிருக்கிறது என்று சொன்னார். கேட்டவருக்கு முதலில் அச்சொல் விளங்கவில்லை. பின்னர் பொருளறிந்து உள்ளம் பூரித்தார். பட்டங்கள் பல பின்னாளில் அவரைத் தேடி வந்தன. 1906-இல் அரசினர் மகாமகோபாத்தியாயப் பட்டம் அளித்தனர். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. முதற்பட்டம் அந்தப் பெண்மணி அளித்தது என்பது என் கணக்கு. அப்பெண்மணி கல்லூரி சென்றவராக இருந்திருக்க மாட்டார். ஆனால் கல்லூரித் தமிழாசிரியருக்குத் தெரியாத சொல்லை, அதன் உரிய பொருளில், பேச்சுவாக்கில் எடுத்து ஆண்டார்.

இது முதன்முறையாக நிகழ்ந்ததும் அன்று. சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. மதுரையைச் சேர்ந்த அவர் சமணர் அல்லர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்கவில்லையாம். உடனே அவர் சித்தாமூருக்கு வந்து, சமணரோடு தங்கி, சமண நூல்களைப் பயின்று, மீண்டும் புதிதாக உரை வரைந்தாராம். அதைப் பெரியோர் ஏற்றனராம். அச்சித்தாமூர் நம் மடம் இருக்கும் மேல்சித்தாமூரே. இவ்வூரிலிருந்து காலையில் புறப்பட்டால் வழிபாட்டை முடித்துக்கொண்டு பகலுணவுக்குத் திரும்பிவிடலாம். செவிவழிச் செய்திக்கு ஆண்டும் நாளும் கேட்பது முறையாகாது. ஆனால் அச்செய்தியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்கள் என்ன கருதினார்கள் என்பது தெளிவு. நூலை அறிய வேண்டுமானால் அந்நூலோடு வாழும் மக்களிடம் வந்து இருக்க வேண்டும் என்று கருதினார்கள்.

ஏடுகள் எளிதில் கிடைத்துவிட்டன என்று எண்ண வேண்டாம். தஞ்சையில் விருஷபதாச முதலியார் என்னும் சமணர் வீட்டில் சிந்தாமணி ஏடு இருப்பதாகத் தெரிந்தது. சமணரல்லாதார் கையில் கொடுப்பதற்கு அங்கே தயக்கம் இருந்தது. நண்பர் ஒருவர் இடைநின்று முயன்ற பின்னரே அது கிட்டிற்று. இதைச் சொல்லும்போது சிலர் நம் முன்னோரின் குறுகிய மனம் என்று முகம் சுளிக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. பல நூற்றாண்டுகளாகப் பிறர் தம் நூலைப் பழிப்பதற்கென்றே எடுத்துப் படித்ததைக் கண்டவர்கள் அவர்கள். அஞ்சியது இயல்பு. அவ்வச்சத்தையும் மீறி இறுதியில் கொடுத்தார்கள் என்பதே நினைக்கத்தக்கது. மறுபுறம், திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர், சமணக் காப்பியம் ஒன்றை அச்சிட முனைந்த தம் மடத்து மாணவருக்கு அன்பும் ஆதரவும் காட்டினார். இரு பக்கத்திலும் பெரியவர்கள் இருந்தார்கள்.

1886-இல் அச்சு வேலை சென்னையில் தொடங்கியது. திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் நூல் அச்சாயிற்று. ஆசிரியர் வேலையோ கும்பகோணத்தில். விடுமுறை வந்தால் சென்னைக்குப் புறப்படுவார். அக்காலத்து இருப்புப்பாதை கும்பகோணம், மாயூரம், சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம் வழியாக வந்து, நம் மதுராந்தகத்தைக் கடந்து, செங்கற்பட்டு வழியாகச் சென்னை சேர்வது. சிந்தாமணிப் படிகளும் திருத்திய அச்சுத் தாள்களும் இந்த ஊர் வழியாகத்தான் போய் வந்திருக்கின்றன. நம் ஏரிக்கரையை அவர் வண்டியிலிருந்து பார்த்திருப்பாரோ, அல்லது அச்சுப்பிழை திருத்துவதில் தலைகுனிந்து இருந்திருப்பாரோ! இரண்டாவதே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

1887-இல் நூல் வெளிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகளை ஒப்புநோக்கி உருவான பதிப்பு. அதன் பின்னர் 1907-இலும் 1922-இலும் அதையே மீண்டும் மீண்டும் திருத்திப் பதிப்பித்தார். நம் மயிலைநாதர் நன்னூலுக்கு எழுதிய உரையை 1918-இலும், கொங்குவேளிரின் பெருங்கதையை 1924-இலும் வெளியிட்டார். இவற்றை விரித்துரைக்க நேரமில்லை.

அவர் சென்ற பிற ஊர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சிந்தாமணி வெளிவந்த பின் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கும் பொருட்டுத் திருநெல்வேலிச் சீமைக்குப் பயணமானார். ஆழ்வார்திருநகரியில் இலட்சுமண கவிராயர் என்பவரின் உதவியால் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது. கரிவலம்வந்தநல்லூரில் வேறு அனுபவம். அக்கோயிலில் வரகுணபாண்டியருடைய ஏடுகள் நிறைய இருந்தன என்று கேள்வியுற்றுப் போனார். பழுதடைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாகக் கோயில் பொறுப்பாளர் கூறினார். ஆகமம் அப்படிச் சொல்கிறது என்றும் விளக்கம் தந்தார். அதைக் கேட்டு அவர் மனம் எரிந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இக்கதையை நாம் கேட்கும்போதெல்லாம் எரித்தவர்களை நொந்துகொள்கிறோம். ஏடு எரிவது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. ஆனால் ஏடு இருந்தும் பொருள் சொல்வார் இல்லாமல் போகும் இழப்பும் உண்டு. அதையும் சாமிநாதையர் கண்டார். மணிமேகலையை எடுத்தபோது கண்டார்.

மணிமேகலைக்கு ஏடுகள் கிடைத்தன. எழுத்துகளையும் படிக்க முடிந்தது. நூல் எச்சமயத்தைப் பேசுகிறது என்பதே முதலில் எவர்க்கும் தெளிவாகத் தெரியவில்லை. கும்பகோணம் கல்லூரியில் அவருடன் பணியாற்றிய பேராசிரியர் இரங்காசாரியார் அது பௌத்த நூல் என்று கண்டு சொன்னார். சரி, பௌத்தரிடம் சென்று கேட்கலாம் என்றால், கேட்பதற்குத் தமிழ்நாட்டில் பௌத்தர் ஒருவர்கூட இல்லை. தோரணம் கட்டிய வீடு இல்லை. பவ்விய சீவன் என்று சொல்லும் பெண்மணி இல்லை. வைணவராகிய இரங்காசாரியார், ஆங்கிலத்தில் மேனாட்டார் எழுதிய பௌத்த நூல்களைப் படித்துக் கூற, அவற்றைக் கொண்டு தமிழ் மணிமேகலையின் பொருளைச் சாமிநாதையர் துணிய வேண்டியதாயிற்று. 1898-இல் அந்நூல் வெளிவந்தது. தாம் திரட்டிய செய்திகளைக் கொண்டு புத்த சரித்திரமும் பௌத்த தருமமும் பௌத்த சங்கமும் எழுதித் தமிழர்க்குத் தந்தார். அரிய உழைப்பு, வணங்கத்தக்கது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். காஞ்சியிலும் நாகையிலும் விகாரங்கள் இருந்த நாட்டில், தமிழிலேயே பிறந்த ஒரு காப்பியத்தின் பொருள் இலண்டனில் அச்சான நூல்களின் வழியே திரும்பி வர நேர்ந்தது.

சிந்தாமணிக்கு அந்த நிலை நேரவில்லை. காரணம், நம் முன்னோர் எண்ணிக்கையில் மிகச் சுருங்கிய பின்னும், வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, காஞ்சி, கும்பகோணம், தஞ்சைப் பகுதிகளில் சிறு சிறு கூட்டமாக இருந்துகொண்டு அதைப் படித்துவந்தார்கள். புலவர்களுக்காகப் படிக்கவில்லை. உலகுக்குக் காட்டவும் படிக்கவில்லை. பகலுணவு முடிந்தபின் கூடி உட்கார்ந்து தமக்காகப் படித்தார்கள்.

இனி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பெருமைப்படத்தக்க கதையன்று.

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர். எங்கள் வீட்டில் நெல் கொட்டும் அறையின் பரண்மேல் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் ஏடுகள். நோன்பு நாட்களில் என் பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், அதிலிருந்து ஒரு கட்டை மட்டும் எடுத்துத் துடைத்து, மஞ்சள் துணியில் வைத்து, எதிரில் அமர்ந்து நோன்புக் கதையை மனப்பாடமாகச் சொல்லுவார். ஏட்டை அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. அவர் சொல்லும் நடை எனக்கு அப்போது விளங்காது; வடசொல்லும் தமிழும் கலந்து, ஸ்ரீபுராணத்தின் நடை போல இருக்கும். நடுநடுவே நிறுத்தி, எங்களுக்கு விளங்கும் தமிழில் இரண்டு வரி சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவார். சிறுவர்களாகிய நாங்கள் கதை முடிந்ததும் கிடைக்கும் சுண்டலுக்காகக் காத்திருப்போம்.

நான் தமிழ் கற்கச் சென்னை சென்றேன். முதுகலை வகுப்பில் சாமிநாதையர் ஏடு தேடிய வரலாற்றைத் தேர்வுக்காகப் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஒருமுறையேனும் ஊருக்குச் சென்று, பாட்டியின் முன் உட்கார்ந்து, அந்தக் கதையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டி மறைந்த எட்டாம் மாதம் வீட்டைப் பிரித்துக் கட்டினோம். பெட்டியை இறக்கினோம். கறையான் தின்றது போக இரண்டு ஏடுகள் மிஞ்சியிருந்தன. நான் பழைய எழுத்தும் கிரந்தமும் ஓரளவு பயின்றவன். முயன்று படித்துவிட்டேன். எழுத்து தெரிகிறது. இன்ன நோன்பு, இன்ன அரசன், இன்ன முனிவர் என்பது வரை தெரிகிறது. நடுவில் உள்ள சில சொற்களுக்கு மட்டும் எந்த அகராதியிலும் பொருந்தும் பொருள் கிடைக்கவில்லை. பாட்டி அந்த இடங்களில்தான் நிறுத்தி விளக்குவார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. என்ன சொல்லுவார் என்பது நினைவில்லை.

கரிவலம்வந்தநல்லூரில் நெருப்பிட்டவர்களை நொந்து வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளே உறுத்தும். நான் எதையும் எரிக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சுநூல் வந்ததனால் சிந்தாமணி பிழைத்தது, அதில் ஐயமில்லை. பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் 1936-இல் நீலகேசியைப் பதிப்பித்ததனால் நீலகேசி பிழைத்தது. ஆனால் என் ஊரைப் பொறுத்தவரை, அச்சுநூல் அலமாரிக்கு வந்தபின் கூடிப் படிக்கும் வழக்கம் மெல்ல நின்றுவிட்டது. நூல் இருக்கிறதே, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். வேண்டும்போது என்பது வரவேயில்லை. இதைச் சாமிநாதையர் மீது குறையாகச் சொல்லவில்லை. அவர் தம் கடனைச் செய்தார். நாம் நம் கடனை அவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போய்விட்டோம்.

அவருடைய பயணங்களில் கடைசி ஊரைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அது நமக்கு அண்டை ஊர். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலான பின் அவர் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சத்தால் 1942-இல் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். 87 வயதில் சாமிநாதையரும் புறப்பட்டுத் திருக்கழுக்குன்றம் வந்து சேர்ந்தார். இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். ஆனந்த விகடனில் 1940 முதல் வாரந்தோறும் வந்துகொண்டிருந்த அவருடைய வாழ்க்கை வரலாறு அப்போதும் முடிந்திருக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். வரலாறு 1899-ஆம் ஆண்டுச் செய்திகளோடு நின்றுபோயிற்று. சந்திரநாத செட்டியாரையும் வீடூர் அப்பாசாமி நயினாரையும் பற்றி எழுதுவதற்குள் அந்தப் பேனா நிற்கவில்லை என்பது நம் நல்லூழ். எழுதியிராவிட்டால் அப்பெயர்கள் நமக்கே தெரிந்திருக்கமாட்டா.

விழாக்குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அன்புடன் இசைந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் இம்மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்குச் சிந்தாமணி படிக்கப்படும். நாமகள் இலம்பகத்தில் தொடங்குகிறோம். ஒரு நாளைக்குப் பத்துப் பாட்டு என்றால் சில ஆண்டுகள் ஆகும், ஆகட்டும். மாலை விளக்கு வைப்பதற்கு முன் அவரவர் வீடு சென்று உணவு கொள்ளும்படி முடித்துவிடுவோம்.

மற்றொன்று. இன்று விழா முடிந்தபின் நுழைவாயில் அருகே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எழுபது வயதைக் கடந்த தாய்மார்கள் தயவுசெய்து என்னைக் கண்டுவிட்டுச் செல்ல வேண்டும். நோன்புக் கதையோ, பாட்டோ, உங்கள் வீட்டில் வழங்கிய சொல்லோ எதுவாயினும் சொல்லலாம். சிறிதாயிற்றே என்று தயங்க வேண்டாம். எங்கள் வீட்டு இரண்டு ஏடுகளின் படத்தையும் பெரிதாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். எழுத்துகளை நானே படித்துக் காட்டுகிறேன். விளங்காத சொற்கள் ஐந்து. சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன்.